பதில்: ராஜா ஜோடியில் யார் வென்றது?

தம்பி, நீங்களும் மாமாவும் ஆடிய போக்கர் சீட்டாட்டத்தில், இருவருக்கும் ராஜா ஜோடி வந்தபோது யார் வென்றது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆட்டம் உங்களுடையதுதான். நடுவில் டைமண்ட் ராஜா, 9, 7, 4, 2. உங்கள் கையில் ஹார்ட் ராஜாவும் ராணியும். மாமா கையில் ஸ்பேட் ராஜாவும் 8-உம் என்று எழுதியிருந்தீர்கள். போக்கரில் நடுவிலுள்ள ஐந்தும் கையிலுள்ள இரண்டுமாக ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைத்தான் எடுக்க வேண்டும். இருவருக்கும் ராஜா ஜோடி. அடுத்த பெரிய சீட்டு உங்களுக்கு ராணி, அவருக்கு 9. அங்கேயே முடிந்தது.

“ஸ்பேட்தான் பெரியது” என்று மாமா வாதாடியது சோ டை டீ என்ற வேறொரு சீட்டாட்டப் பழக்கத்தால். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளில் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அதில் 2 பெரிய சீட்டு, ஸ்பேட் உயர்ந்த இனம் (ஸ்பேட், டைமண்ட் போன்ற சீட்டு வகை). போக்கரில் 2 மிகச் சிறியது; நான்கு இனமும் சமம். மாமாவிடமும் ராணி இருந்திருந்தால் பந்தயத்தைப் பாதிப் பாதி பிரித்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்று கேட்டீர்கள்: ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, தொடர் எண்ணில் ஐந்து சீட்டை வெல்லும். ஐந்து சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 2,598,960. அவற்றில் தொடர் 10,200, ஒரே இனம் 5,108 மட்டுமே. அரியதுக்கே மதிப்பு. மாமாவிடம் பொறுமையாக இதைக் காட்டுங்கள். அடுத்த முறை சீட்டைப் பிரிக்கும் முன்பே எது எதை வெல்லும் என்ற வரிசையைத் தாளில் எழுதி நடுவில் வைத்துவிடுங்கள்; பணத்துக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள்.