சங்க கார்டு இல்லாவிட்டால் மூடை தூக்கக் கூடாதா?

கேள்வி: வணக்கம் வக்கீல் ஐயா. காரைக்குடி பக்கம் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் லோடுமேனாகச் சேர்ந்தேன். பத்து நாள் வேலை பார்த்தேன். கணக்குப்பிள்ளை கூலியை ஜிபேயில் போட்டுவிட்டார். அப்புறம் சங்கத்துக்காரர்கள் வந்து, "கார்டு இல்லாமல் மூடையில் கை வைக்காதே, முப்பதாயிரம் கட்டி உறுப்பினராகு" என்றார்கள். ரசீது கேட்டால் சிரிக்கிறார்கள். முதலாளியோ, "அவங்ககிட்ட பேசி கார்டு வாங்கிட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டார். சங்கத்தில் இல்லாதவனுக்கு வேலை இல்லை என்று சட்டம் இருக்கிறதா? போலீசுக்குப் போகலாமா?

பதில்: அப்படி ஒரு சட்டம் கிடையாது, தம்பி. சங்கத்தில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம்.

ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "அரசியல் சாசனம் 19(1)(சி) இருக்கு, மதுரைக் கிளையில் ரிட் போடு" என்று யாராவது சொல்வார்கள். சங்கம் அமைக்கும் அந்த உரிமை முதன்மையாக அரசுக்கு எதிராகக் கேட்கக்கூடியது. தனியார் ஆலையையும் சங்கத்தையும் எதிர்த்து அதை மட்டும் நம்பிப் போனால் செலவுதான் மிஞ்சும்.

உங்களுக்குக் கைகொடுப்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020. அதன் இரண்டாவது அட்டவணையில் முறையற்ற தொழில் நடவடிக்கைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சங்கத்தில் சேரும்படியோ சேராதிருக்கும்படியோ தொழிலாளியைக் கட்டாயப்படுத்துவது அதில் வருகிறது. பழைய 1947 தொழில் தகராறுகள் சட்டத்திலும் ஐந்தாவது அட்டவணையில் இது இருந்தது. பலர் கவனிக்காத விஷயம், அதே பட்டியலில் முதலாளிக்கும் ஒரு பங்கு உண்டு: ஆளுக்கு ஆள் பாகுபாடு காட்டி ஒரு சங்கத்தில் சேரத் தூண்டுவதும் தடுப்பதும் அவர் செய்யக் கூடாதவை. "கார்டு வாங்கிட்டு வா" என்ற உங்கள் முதலாளி நல்லபிள்ளை போல ஒதுங்கிக்கொள்ள முடியாது. அபராதம் பத்தாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை. ஆனால் இந்தக் குற்றத்துக்கு நீங்களே நேராக கோர்ட்டில் புகார் போட முடியாது. அரசு தரப்பில்தான் போட வேண்டும்.

பிரிட்டனில் ஒரு காலத்தில் சங்க உறுப்பினருக்குத்தான் வேலை என்பது ஒப்பந்தமாகவே இருந்தது. ரயில்வேயில் சங்கத்தில் சேர மறுத்த மூன்று பேருக்கு வேலை போனது. 1981-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவில் அதற்கு முன்பே, 1947-ல், சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்கும் ஏற்பாட்டைத் தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டில் சட்டப்படி அப்படி ஒரு ஏற்பாடு இல்லை, வழக்கமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 51 சதவீத ஆட்களை வைத்திருக்கும் சங்கத்தை முதலாளி பேச்சுவார்த்தைக்கான ஒரே சங்கமாக ஏற்க வேண்டும் என்பது உண்மை. அது பேசுவதற்கான உரிமை. கேட்டில் நின்று ஆளை மறிக்கும் உரிமை அதில் அடங்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூடைக்கு இவ்வளவு கூலி, லாரிக்கு இத்தனை ஆள், முறை வைத்து வேலை என்பதெல்லாம் அந்தச் சங்கம் சண்டை போட்டு வாங்கியதாகத்தான் இருக்கும். தொழிலாளர் அதிகாரி முன் சமரசத்தில் போட்ட ஒப்பந்தம் (பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து ஆலைகளில் இன்னமும் '12(3)' என்பார்கள்) உறுப்பினர் அல்லாத உங்களையும் கட்டுப்படுத்தும். அதைவிடக் குறைந்த கூலிக்கு உங்களை இறக்கிச் சங்கத்தை உடைக்க நினைக்கும் முதலாளிகளும் உண்டு. அதற்கு ஆயுதமாகிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் வழக்கின் உயிர் அந்த முப்பதாயிரத்தில் இருக்கிறது. பதிவான சங்கம் என்றால் சந்தா எவ்வளவு என்பது அதன் விதிப்புத்தகத்தில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தொழிற்சங்கப் பதிவாளரிடம் விதிகளின் நகலைக் கேளுங்கள். விதியில் உள்ள சந்தாவைக் கட்டி, ரசீதோடு உறுப்பினராகத் தயார் என்று சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிப் போடுங்கள். வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது. மறுத்தால், பிரச்சினை உங்கள் பிடிவாதம் இல்லை, இடத்தை விற்கிறார்கள் என்பது தெளிவாகிவிடும்.

அதோடு தொழிலாளர் துறையின் சமரச அலுவலருக்கு ஒரு மனு கொடுங்கள். சங்கம், ஆலை இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஜிபேயில் கூலி வந்த ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். பத்து நாள் வேலை பார்த்ததற்கு உங்களிடம் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அதுதான், போனை மாற்றும்போது அழித்துவிடாதீர்கள். முதலாளியின் பேச்சை வாட்ஸ்அப்பில், "நீங்கள் சொன்னபடி கார்டு கேட்டேன், தரவில்லை, நாளை வேலைக்கு வரலாமா?" என்று எழுத்தில் கொண்டுவரப் பாருங்கள்.

போலீஸ்? வாய்ப்பேச்சோடு நிற்கும்வரை வேண்டாம். வழிமறித்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) பிரிவு 126, கையை உடைப்பேன் என்று மிரட்டினால் பிரிவு 351. அப்போது தயங்காமல் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியத்திலும் சங்கம் வழியாகத்தான் பதிய முடியும் என்று பயமுறுத்துவார்கள். அதுவும் கதை. 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் ஆன்லைனில் நீங்களே பதியலாம். வேலைச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைப் போய்ப் பாருங்கள்.