காசநோயின் கதை: கேள்வி பதில்

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. நான் மருத்துவ வரலாறு படிப்பவன், டாக்டர் அல்ல. தயவுசெய்து எக்ஸ்ரே அனுப்பாதீர்கள்.

கே: தாம்பரம் பக்கத்தில் சானடோரியம் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம்) என்று ஒரு ஸ்டேஷனே இருக்கிறது. இப்போது ஏன் காசநோயாளிகளை அப்படி மாதக்கணக்கில் தங்கவைப்பதில்லை?

ப: அதற்குப் பெரிய காரணம் சென்னையேதான். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே சானடோரியம் தொடங்கியபோது நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு என்பதுதான் வைத்தியம். மருந்து வந்த பிறகும் படுக்கை இல்லாமல் குணமாகாது என்றே நம்பினார்கள். ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள், பெரும்பாலும் ஏழைகள். குலுக்கல் போட்டதுபோல் பிரித்துப் பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மாதிரியான மருந்துகள் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. பிறகு உலகெங்கும் வீட்டுச் சிகிச்சை பரவ இது பெரிய ஆதாரமானது.

கே: இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

ப: கூடாது. பிரிட்டனில் 1947இல் தொடங்கிய ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் மருந்து பெற்றவர்கள் 55 பேர். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர்தான், எல்லோரும் கொண்டாடினார்கள். ஐந்து ஆண்டுக்குள் 32 பேர் இறந்துவிட்டார்கள். ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகிவிட்டதே முக்கியக் காரணம். கூட்டு மருந்தும் முழுக் கெடுவும் அந்த அனுபவத்தில் வந்தவை. உடம்பு தேறுவது வேறு, கிருமி ஒழிவது வேறு.

கே: எடை கூடிவிட்டது. இனி நிறுத்தலாம்தானே?

ப: மேலே பாருங்கள்.

கே: சென்னை ஆய்வில் வீட்டில் அரைவயிறு சாப்பிட்டவர்களும் குணமானார்களே. அப்படியானால் சாப்பாட்டுக்கென்று அரசு மாதம் 1000 ரூபாய் கொடுப்பது வீண்தானே?

ப: பல பத்தாண்டுகளாக நடக்கும் தப்பான வாசிப்பு இது. சரியான மருந்து உள்ளே போனால் சுமாரான சாப்பாட்டிலும் குணமாகலாம் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது. நோய் வராமல் தடுக்கச் சாப்பாடு வேண்டுமா என்று அது கேட்கவே இல்லை.

கே: (அவரே) கேட்காத கேள்விக்கு விடை இல்லை என்றால், சாப்பாடு உதவும் என்பதற்கும் ஆதாரம் இல்லையே!

ப: நியாயமான மடக்கு. ஆதாரம் 2023இல் வந்தது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு என்று உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாக நோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. 1959இன் முடிவு செலவைக் குறைக்க வசதியாக இருந்தது. அதனால் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மருந்து போதும் என்று எழுதிவிட்டுச் சோற்றுப் பானையை மறந்தார்கள்.

கே: குழந்தையில் பிசிஜி தடுப்பூசி போட்டும் எனக்கு ஏன் வந்தது?

ப: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வு காட்டியது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகையை நன்றாகத் தடுப்பதால்தான் இன்றும் போடுகிறார்கள்.

கே: சார், பசி நன்றாக எடுக்கிறது. மாத்திரையை...

ப: நிறுத்தாதீர்கள். மூன்றாவது முறை. இனி இதற்குப் பதில் கிடையாது.

கே: சித்த மருந்தும் சேர்த்துச் சாப்பிடலாமா?

ப: மருந்து கொடுக்கும் டாக்டரைக் கேளுங்கள்.

கே: மாடி வீட்டில் குடியிருப்பவருக்குக் காசநோய். காலி செய்யச் சொல்லலாமா?

ப: வேண்டாம். தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. அவரைத் துரத்தினால் பாதி மாத்திரையில் நிறுத்திவிட்டு வேறெங்கோ போய் இருமுவார். அவர் வீட்டாரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.