கூரைத் தோட்டமும் மலையக மழையும்: வாசகர் கேள்விகள்

ஐயா, எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மண் போட்டுப் புல் வளர்க்கலாமா? (ஹட்டன்)

கூடாது. தகரமும் அஸ்பெஸ்டஸும் அந்தப் பாரத்தைத் தாங்காது.

கொங்கிரீட் கூரை. எவ்வளவு மண் போடலாம்? (பண்டாரவளை)

கூரையின் தடிப்பு என்ன, எப்போது போட்டது, கீழே தூண் எங்கே இருக்கிறது, ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? நான்கு அங்குலத் தோட்டமண் ஊறினால் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 200 கிலோ வரும். வீட்டுத் தளங்களையே 150, 200 கிலோவுக்குத்தான் கணக்குப் பார்த்துக் கட்டுகிறார்கள். தும்புச்சோறும் உடைத்த ஓடும் கலந்தால் பாரம் குறையும். அப்போதும் பொறியியலாளர் பார்க்காமல் ஒரு கூடை மண்கூட ஏற்றாதீர்கள். நனைந்த எடைதான் கணக்கு.

ஜூன் மழையைக் கூரைத் தோட்டம் பிடித்து வைக்குமா? (கினிகத்தேனை)

காய்ந்த நான்கு அங்குல மண் சுமார் 30 மில்லிமீற்றர் மழையைக் குடிக்கும். நாள்கணக்கில் பெய்யும் தென்மேல் பருவமழையில் மண் ஏற்கெனவே ஊறியிருக்கும், மிச்சம் வழிந்துவிடும். ஆனால் மெதுவாக வழியும், வடிகான் ஒரேயடியாக நிரம்பாது. வெயிலடித்துப் பின்னேரம் இடித்துப் பெய்யும் மாதங்களில் பலன் கூடுதல்.

வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு. கூரைக் குழாய் அங்கேதான் விழுகிறது. கூரைமேல் புல் போட்டால் பயமில்லைதானே? (கண்டி)

பயம் இருக்கிறது. புல்லுக்கு முன் அந்தக் குழாயைத் திருப்புங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 9,000 லீற்றருக்கு மேல். அத்தனையும் ஒரே இடத்தில் இறங்கினால் மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, மேடு பிடிப்பு விட்டுச் சரியும். எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன்! தோட்டத் தொழிலாளரின் பழைய லயக் குடியிருப்புகளுக்குப் பின்னால் கான் இருந்தது, மழைக்கு முன் இலை, சேறு வாரினார்கள். இன்று அதை மூடிக் குசினி இழுக்கிறோம், குழாயைக் கீழ்வீட்டுக்காரர் சரிவில் விடுகிறோம். ஊறுகுழி வெட்டலாமே என்பவர்களுக்கும் சொல்கிறேன்: அது சமதரைக்கு, சரிவுக்கு அல்ல. சீமெந்துக் கான் கட்டி, நீரை ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினாலே மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. நிலத்தில் வெடிப்போ திடீர் சேற்றூற்றோ கண்டால் உடனே வெளியேறுங்கள்.

கூரைத் தோட்டத்தில் வழியும் நீரைக் குடிக்கலாமா? (பதுளை)

வேண்டாம். கழிவறைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் பாவியுங்கள். தொட்டியை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும்.

கூரை ஒழுகுகிறது. புல் போட்டால் நிற்குமா? (நுவரெலியா)

நிற்காது, ஒழுக்கு இன்னும் கூடும். முதலில் ஒழுக்கை அடைத்துவிடுங்கள். பிறகு இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் தேக்கிப் பாருங்கள். ஈரம் காணாவிட்டால் வேர்த்தடுப்பு விரிப்பு, அதன்மேல் வடிகால் அடுக்கு, அப்புறம் மண். பாரம் பார்த்த பிறகுதான்.