பூனைக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை என்றால் இன்னும் எவ்வளவு காலம் இருக்கும்?

உங்கள் பூனைக்கு 10 வயது, வயிற்றுப் பக்கம் உள்ள பால் சுரப்பியில் கட்டி, 'இரண்டாம் நிலையாக இருக்கலாம்' என்று மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நானும் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா? அக்குளிலும் தொடை இடுக்கிலும் உள்ள நிணநீர்க் கணுக்களில் (நோய் முதலில் பரவும் சிறு முடிச்சுகள்) ஊசியால் செல் மாதிரி எடுத்துச் சோதித்தார்களா? கட்டியை மட்டும் தொட்டுப் பார்த்து நிலையைச் சொல்ல முடியாது. கட்டி 2 செ.மீ.க்குள் இருந்து எங்கும் பரவவில்லை என்றால் முதல் நிலை. 2 முதல் 3 செ.மீ. வரை என்றால் இரண்டாவது. 3 செ.மீ.யைத் தாண்டினாலோ, கட்டி எவ்வளவு சிறிதானாலும் நிணநீர்க் கணுவுக்குப் போயிருந்தாலோ மூன்றாவது. நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் போய்விட்டால் நான்காவது.

பலரும் எடுத்துக்காட்டும் ஒரு கணக்கில் பூனைகள் உயிரோடிருந்த காலத்தின் நடு அளவு இந்த நான்கு நிலைகளுக்கும் முறையே 29, 12.5, 9, 1 மாதம் என்று இருக்கும். அது கெடு அல்ல. பாதிப் பூனைகள் அதற்கு மேலும் இருந்தன என்றுதான் பொருள்.

என் பூனையின் கட்டி முதலில் பட்டாணி அளவுதான். 'கொழுப்புக் கட்டியாக இருக்கும், பார்ப்போம்' என்றார் முதலில் பார்த்த மருத்துவர். நானும் நம்பி இரண்டு மாதம் காத்திருந்தேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பூனைக்கு வரும் மார்பகக் கட்டிகளில் 80 சதவீதத்துக்கு மேல் புற்றுநோய்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. வேறொரு மருத்துவரிடம் போனபோது கட்டி இரண்டரை செ.மீ. ஆகியிருந்தது, அக்குள் கணுவிலும் நோய் இருந்தது. மூன்றாம் நிலை. ஒரு பக்கத்துச் சுரப்பிகள் நான்கையும் மொத்தமாக எடுத்தார்கள். கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா என்று கெஞ்சினேன். அப்படிச் செய்தால் அதே வரிசையில் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்று பொறுமையாக விளக்கினார். அதன்பின் 14 மாதம் இருந்தாள். கடைசிச் சில வாரங்கள் தவிர, நன்றாகச் சாப்பிட்டு, ஜன்னலோரம் வெயில் காய்ந்துகொண்டுதான் இருந்தாள்.

அறுவைக்குப் பின் பயாப்ஸி (எடுத்த கட்டியின் திசுச் சோதனை) அறிக்கையை வாங்கிப் படியுங்கள். செல்களின் தரம் (கிரேடு, அதாவது நோய் எவ்வளவு மூர்க்கமானது), ரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ நோய் நுழைந்திருக்கிறதா, வெட்டிய ஓரம் புற்றுச் செல் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். நிலை ஒன்றாக இருந்தும் இரு பூனைகளின் ஆயுள் வேறுபடுவதற்கு இவையும் காரணம். கீமோ வேண்டுமா என்று பேச வேண்டியதும் அப்போதுதான்.

இளம் பூனை, சினை அல்லது ஹார்மோன் ஊசி போட்ட பூனை என்றால் சுரப்பி வீக்கம் புற்றுநோயாக இல்லாமலும் இருக்கலாம். 10 வயதில் அந்த நம்பிக்கையில் நாளைக் கடத்த வேண்டாம். எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை என்றால் நாளைக்கே கூட்டிப் போங்கள். கட்டியின் அளவைச் செ.மீ.யில் கேட்டு, தேதியோடு எழுதி வாங்குங்கள்.