"ஐ ஆம் ஹியரிங் யூ" ஏன் தப்பு?

"ஐ கேன் ஹியர் யூ" என்று சொல்லியிருக்கணும். போன் இன்டர்வியூவில் "நீங்க பேசுறது கேட்குது" என்ற அர்த்தத்தில் நீங்கள் சொன்ன "ஐ ஆம் ஹியரிங் யூ"வுக்கு இன்டர்வியூ எடுத்தவர் சிரித்தது அதனால்தான்.

நம்ம "கேட்குறது" பண்ணுகிற வேலை இது. சத்தம் கேட்டாலும் பாட்டு கேட்டாலும் கடன் கேட்டாலும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் ஹியர், லிசன், ஆஸ்க் என்று மூன்று.

"காதில் விழுது" என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் ஹியர், "இங்" வேண்டாம். பக்கத்து வீட்டு மிக்சி அந்த ரகம். "காது கொடுத்து" பொருந்தினால் லிசன். அதற்கு "இங்" தாராளமாகப் போடலாம், எதை, யாரை என்று சொன்னால் பின்னாலேயே "டூ" வரணும்.

ஆனால் கோர்ட் வழக்கை விசாரிக்கும்போது "ஹியரிங் த கேஸ்" சரிதான். "உங்களிடமிருந்து தகவல் வருவது" என்ற "ஹியர் ஃப்ரம் யூ"வில் காதுக்கு வேலையே இல்லை; மெயில் வந்தாலும் அதேதான்.