வஞ்சினமும் பழமுறமும்

கேள்வி: பழைய இலக்கியத்தில் யாருக்காவது கோபம் வந்தால் ஊரை எரிக்கிறார்கள், சபதம் போடுகிறார்கள், இல்லையென்றால் சாபம் கொடுக்கிறார்கள். ஒரே மிகை. ‘வெகுளாமை’ பாடிய வள்ளுவர் பிறந்த மொழியில் இந்த ஆத்திரக்காரர்களை எல்லாம் கொண்டாடலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வள்ளுவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டது நீங்கள்தான். அவர் ‘இரவச்சம்’ அதிகாரத்தில் என்ன சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். ‘இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்.’ பிச்சையெடுத்துத்தான் ஒருவன் பிழைக்க வேண்டுமென்றால், இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து திரிந்து கெட்டுப் போகட்டும் என்கிறார். கண்ணகியாவது மதுரையோடு நிறுத்திக்கொண்டாள். இவர் படைத்தவனையே சபிக்கிறார்! வெகுளாமை துறவிகளுக்கான துறவறவியலில் வருகிற அதிகாரம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதன் முதல் குறளுக்குப் பிறகு வருகிறேன்.

சபதத்தையும் சாபத்தையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். சாபம் எதிராளியின் தலையில் விழுவது. சபதம் போட்டவன் தன் தலையையே அடகு வைக்கிறான். பழைய தமிழில் அதற்கு வஞ்சினம் என்று பெயர். ‘இன்னது பிழைப்பின் இதுவாகியர்’ என்று தொல்காப்பியம் அதற்கு இலக்கணமே சொல்கிறது. இன்ன காரியத்தில் தவறினால் எனக்கு இன்னது ஆகட்டும் என்பது அதன் அமைப்பு. கோபப்பட்டவன் கேடு கேட்பது தனக்கு.

புறநானூற்றின் 72ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். சின்ன வயதில் பட்டத்துக்கு வந்தவன். சேரன், சோழன், குறுநில மன்னர்களான வேளிர் ஐவர் என ஏழு பேர் அவன்மேல் படையெடுத்து வருகிறார்கள். ‘இளையன் இவன்’, அதாவது பொடிப்பயல் என்று பேசியிருக்கிறார்கள். பையனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவர்களைச் சிதறடித்து முரசோடு பிடிக்காவிட்டால் எனக்கு என்னென்ன நேரட்டும் என்று மூன்றைச் சொல்கிறான். என் குடிமக்கள் கண்ணீர் விட்டு, ‘கொடியன் எம் இறை’ என்று என்னைத் தூற்றட்டும். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விட்டுப் போகட்டும். கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும்.

பழி, பாட்டு, ஈகை மூன்றும் இதில் இருக்கின்றன. தலை வெடிக்கட்டும், வம்சம் அழியட்டும் என்கிற பேச்சே இல்லை. ஓர் அரசன் எதை இழக்கப் பயந்தான் என்று தெரிய வேண்டுமானால் கல்வெட்டில் அவன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியைவிட இப்படி ஒரு கோபம்தான் நம்பகமான ஆவணம்.

பிறகு களத்துக்கு வந்தவனை இடைக்குன்றூர்கிழார் பார்க்கிறார். 77ஆம் பாட்டு. காலில் சிறுவர் அணியும் சதங்கையைக் கழற்றிவிட்டு வீரர் அணியும் கழல் போட்டிருக்கிறான். கழுத்தில் குழந்தைகளுக்குக் காப்பாகக் கட்டும் ஐம்படைத்தாலி இன்னும் அப்படியே கிடக்கிறது. பால் குடிப்பதை விட்டு இன்றைக்குத்தான் சோறு சாப்பிட்டிருக்கிறான். எதிரே வந்த வீரர்களைப் பார்த்து ‘வியந்தன்றும் இழிந்தன்றும் இலனே’ என்கிறார் புலவர். பிரமிக்கவும் இல்லை, இளக்காரமும் இல்லை. கோபம் முழுவதும் வஞ்சினத்திலேயே செலவாகிவிட்டது போலும். இதில் எந்த வரி மிகை?

அந்த 72ஆம் பாட்டுக்கு அடுத்த பாட்டிலும் முந்தைய பாட்டிலும் இரண்டு வஞ்சினங்கள் உண்டு. சோழன் நலங்கிள்ளி, தன்னை இகழ்ந்தவனைத் தூங்குகிற புலிமேல் தடுக்கி விழுந்த குருடன் என்கிறான். போரில் அவனை நொறுக்காவிட்டால், மனத்தில் அன்பில்லாத பெண்களின் தழுவலில் என் மாலை வாடட்டும் என்கிறான். பூதப்பாண்டியனோ, தவறினால் பக்கத்தில் நிற்கும் மனைவியையே நான் பிரிய நேரட்டும் என்றவன். அவன் செத்த பிறகு அந்த அம்மாள் பிரிவுக்குச் சம்மதிக்கவில்லை. தாமரைக் குளமும் தீயும் எனக்கு ஒன்றுதான் என்று சிதையேறியவள் பாடியது 246ஆம் பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இந்த இலக்கணம் ஏட்டோடு போய்விடவும் இல்லை. ‘இதைச் செய்யலேன்னா மீசையை எடுத்துடறேன்’, ‘என் பேரை மாத்திக்கறேன்’ என்று உங்கள் தெரு டீக்கடையில் தினம் கேட்கிறீர்களே, அது தொல்காப்பியர் சொன்ன அதே வஞ்சினம்தான். மீசை இருக்கிறது, மாங்குடி மருதன்தான் இல்லை.

சரி, கண்ணகிக்கு வருவோம். அவள் நேராகத் தீப்பெட்டியோடு போகவில்லை. ‘தேரா மன்னா’ என்று சுடச்சுடத் தொடங்கினாலும் அடுத்துப் பேசியதெல்லாம் வழக்கு. உன் சிலம்பில் என்ன பரல், அதாவது உள்ளே இருக்கும் மணி, என் சிலம்பில் என்ன பரல் என்பதுதான் கேள்வி. முத்து என்கிறான் அரசன், உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்றவன், ‘கெடுக என் ஆயுள்’ என்று தனக்கே தண்டனை சொல்லிக்கொண்டு விழுகிறான். காவல் பிழைத்தது, அதனால் என் ஆயுள் போகட்டும் என்கிறான். ‘இன்னது பிழைப்பின்’ என்ற சூத்திரம் ஞாபகம் வருகிறதா?

ஊர் எரிந்த இடத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர்கள் பக்கம் போ என்று நெருப்புக்கு அவள் பட்டியல் கொடுத்தாள். அந்தப் பட்டியல் இளங்கோவின் மனச்சாட்சிக்குத் தேவைப்பட்டது என்பது என் எண்ணம். எந்த நெருப்பு ஆள் பார்த்து எரிந்திருக்கிறது? ஆனாலும் ஊரைத் தொடுவதற்கு முன் தன் மார்பைத் தன் கையாலேயே திருகி எறிந்தவள் அவள்.

கோபத்தின் பெயரால் சும்மா கொட்டித் தீர்ப்பதும் நம் இலக்கியத்தில் இல்லாமலில்லை. தனிப்பாடலில் ஔவையார் பேரில் ஒரு கதை. வழியில் பார்த்த ஔவையை ஒருவன் சாப்பிடக் கூட்டி வருகிறான். மனைவியிடம் சொல்லப் பயம்.

‘இருந்து முகந்திருத்தி ஈரோடு பேன்வாங்கி
விருந்துவந்த தென்று விளம்ப – வருந்திமிக
ஆடினாள் பாடினாள் ஆடிப் பழமுறத்தால்
சாடினாள் ஓடோடத் தான்.’

பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் திருத்தி, ஈரும் பேனும் எடுத்துவிட்டு, மெதுவாக விருந்து என்ற சொல்லை எடுக்கிறான். அவ்வளவுதான், பழைய முறத்தால் அடி விழுகிறது. வெகுளாமையின் முதல் குறளுக்குப் பிறகு வருகிறேன் என்றேனே, அது இங்கேதான் வேண்டும். ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்.’ எங்கே செல்லுபடியாகுமோ அங்கே அடக்குகிறவன்தான் சினத்தை அடக்கியவன். நெடுஞ்செழியனுக்கு எதிரே ஏழு பேர், கண்ணகிக்கு எதிரே ஓர் அரியணை. இந்த அம்மாளுக்குச் செல்லிடம், பேன் எடுத்த புருஷன்.

ஔவை அவளை அன்பில்லாதவள் என்று தீர்த்துக் கட்டிவிடுகிறார். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. அகாலத்தில் உலை வைக்கப் போகிறவள் அவள்தானே? அந்த வீட்டுப் பானையில் அன்றைக்கு அரிசி இருந்ததா என்று பாட்டில் ஒரு சொல்லும் இல்லை.