'டிரஸ்ட்' தொடரும் விமர்சகர்களும்: கேள்வி பதில்

1973-ல் ரோமில் நடந்த, கெட்டி என்ற பணக்கார அமெரிக்கக் குடும்பத்துப் பையனின் கடத்தலை வைத்து, 2018 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்எக்ஸ் சேனலில் தொடங்கிய 10 எபிசோடு தொடர் 'டிரஸ்ட்'. எழுதியவர் சைமன் போஃபாய். முதல் 3 எபிசோடுகளை இயக்கியவர் டேனி பாயில். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் இது.

விமர்சகர்கள் கொண்டாடினார்களா, திட்டினார்களா?

இரண்டும் நடந்தது. பையனின் தாத்தாவும் எண்ணெய்க் கோடீசுவரருமான ஜே. பால் கெட்டியாக வரும் டொனால்ட் சதர்லேண்டைப் பெரும்பாலானவர்கள் பாராட்டினார்கள். கெட்டி துப்பறிய அனுப்பும் சேஸாக வரும் பிரெண்டன் ஃபிரேசர்தான் அவர்களைப் பிரித்தார். அவர் இரண்டாவது எபிசோடில் கேமராவைப் பார்த்து நம்மிடமே கதை சொல்வார். சிலருக்கு அது தொடரின் உயிராகத் தெரிந்தது, சிலருக்கு வேறு ஏதோ நாடகத்திலிருந்து வந்த ஆள் மாதிரி இருந்தது. நான் முதல் கட்சி.

பொதுவான குறை, இழுவை. அப்புறம், மனசு ஒட்ட ஒரு பாத்திரம்கூட இல்லை என்பது. ஒன்றைக் கவனியுங்கள்: இப்படிப்பட்ட தொடர்களுக்கு முதல் வாரம் வரும் விமர்சனங்கள், முன்கூட்டியே அனுப்பப்படும் சில எபிசோடுகளை வைத்து எழுதப்படுபவை. இந்தத் தொடரோ போகப்போகத்தான் தெற்கு இத்தாலியின் கலாப்ரியா மலைக் கிராமங்களுக்குள் முழுசாக இறங்குகிறது. கடத்தல்காரன் பிரிமோவாக வரும் லூக்கா மரினெல்லியின் மிரட்டலான நடிப்பும் அங்கேதான். தொடக்கத்தைப் படித்துவிட்டு முழுத் தொடரையும் எடைபோடாதீர்கள்.

படம் நல்லதா, தொடர் நல்லதா?

இதே கடத்தலை வைத்து ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஆல் த மணி இன் த வேர்ல்ட்' படம் 2017 டிசம்பரில் வந்தது, தொடர் 3 மாதம் கழித்து. அதனால் எல்லாரும் ஒப்பிட்டார்கள். படம் மீட்புப் பணத்தைத் துரத்துகிறது, தொடர் குடும்பத்தைத் துருவுகிறது. எனக்குத் தொடர்.

கெட்டியை இவ்வளவு கஞ்சனாகக் காட்டியது மிகையாக இல்லையா?

இல்லை. கடத்தல்காரர்கள் கேட்ட பணம் 1.7 கோடி டாலர். ஒரு பைசா கொடுத்தாலும் மற்றப் பேரப்பிள்ளைகளையும் கடத்துவார்கள் என்று மறுத்தவர் அவர். நவம்பரில் பையனின் காதை அறுத்து ரோம் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார்கள். தபால் வேலைநிறுத்தத்தால் அது தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கடைசியில் தொகை சுமார் 29 லட்சம் டாலருக்கு இறங்கியது. அதிலும் வரிச்சலுகை கிடைக்கும் 22 லட்சத்தைத்தான் தாத்தா கொடுத்தார். மீதியை, பையனின் அப்பாவான தன் மகனுக்கு 4 சதவீத வட்டிக்குக் கடன் கொடுத்தார்.

பையனே திட்டம் போட்டுத் தன்னைக் கடத்த வைத்தான் என்கிறதே தொடர்?

மற்ற எதையும்விட இதைத்தான் பேச வேண்டும். கடனை அடைக்க அவனே தொடங்கிய நாடகம் கைமீறிப் போனதாகத் தொடர் காட்டுகிறது. ஒளிபரப்புக்கு முன்பே அவன் தங்கை அரியாட்னி கெட்டி, குடும்பம் உடந்தை என்பதுபோல் காட்டுவது பொய் என்று வழக்கறிஞர் மூலம் எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார். பல விமர்சனங்கள் இதை ஒரு வரியில் கடந்துபோனது எனக்கு இன்றும் ஆறவில்லை. நாடகத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தன்னைத்தானே கடத்த வைக்கலாம் என்று அவன் விளையாட்டாகப் பேசியது உண்மைதானே? போலீஸே சந்தேகப்பட்டதே?

உண்மைதான், சந்தேகப்பட்டார்கள். ஆனால் 16 வயசுப் பையன் வாயில் வந்த பேச்சு வேறு, செய்த செயல் வேறு. அந்தச் சந்தேகத்தால்தான் தொடக்கத்தில் நாட்கள் வீணாயின. போலீஸ் அன்று சந்தேகமாக வைத்திருந்ததை, தொடர் நடந்த சம்பவமாகவே காட்டுகிறது.

கற்பனைக்கு உரிமை இல்லையா? சேஸ் கேமராவிடம் பேசுவதை ரசிக்கிறீர்களே!

நல்ல மடக்கு. சேஸ் நம்மிடம் பேசும்போது அது நாடகம் என்று யாருக்கும் தெரியும், அதனால் யார் பெயரும் கெடாது. பையன் விஷயம் அப்படி இல்லை. 1981-ல் பக்கவாதம் வந்து பேச்சும் பெரும்பாலான பார்வையும் போய், 2011-ல் 54 வயதில் இறந்தவன் அவன். பதில் சொல்ல ஆளில்லை. உங்கள் வாதத்தில் ஒன்றை ஏற்கிறேன்: ஹாரிஸ் டிக்கின்சன் அவனை இரக்கத்தோடுதான் நடித்திருக்கிறார். அந்த இரக்கம் எழுத்திலும் இருந்திருக்கலாம்.

இரண்டாம் சீசன்?

கெட்டி குடும்பத்தின் வேறு காலகட்டங்களை எடுக்கும் எண்ணம் இருந்தது. வந்தது ஒன்றுதான்.

எந்த ஆப்பில் பார்க்கலாம்?

அது நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் ஆப்பிலேயே தேடுங்கள்.

படத்தைவிட இது மேலா?

மேலே சொல்லிவிட்டேன்.

காது அறுக்கும் காட்சிக்காகப் பார்க்கலாமா?

அதற்காகப் பார்க்காதீர்கள், அது நிஜமாக ஒரு பிள்ளைக்கு நடந்தது. ஹிலாரி ஸ்வாங்க் நடித்த தாய் கெயிலுக்காகப் பாருங்கள். கையில் காசில்லாமல் மாமனாரிடம் மன்றாடும் அந்தப் பெண்ணைப் பற்றி விமர்சகர்கள் எழுதியது போதாது.